2,30,000: ஓர் எண்ணின் பயணம்

அலாஸ்காவின் வடகிழக்கு மூலையில், பியூஃபோர்ட் கடலுக்கும் புரூக்ஸ் மலைத்தொடருக்கும் நடுவே ஒரு சமவெளி கிடக்கிறது. அங்கே கோடையில் 2,30,000 கரைப்பறவைகள் இருப்பதாக 2007இல் 'தி காண்டர்' என்ற பறவையியல் ஆய்விதழ் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஸ்டீபன் பிரவுன், ஜோனதன் பார்ட், ரிச்சர்ட் லாங்டாட் ஆகியோரும் அவர்களுடைய கூட்டாளிகளும் எழுதியது.

இப்படி உருண்டு திரண்ட எண்ணைக் கண்டால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். நிலப்பரப்பு 6,74,000 ஹெக்டேர். பெரும்பகுதிக்குச் சாலையே கிடையாது. பறவைகளில் பல நம் உள்ளங்கையில் அடங்கிவிடும். செமிபால்மேட்டட் உள்ளானின் எடை சுமார் 25 கிராம். முட்டைமேல் உட்கார்ந்துவிட்டால் பழுத்த கோரையோடு கோரையாகிவிடும். இதில் 2,30,000 என்று எண்ணியது யார்? யாரும் எண்ணவில்லை. கண்ணால் பார்த்து எண்ணியவை அதில் ஒரு சிறு பங்கு; மீதியெல்லாம் அந்தப் பங்கை வைத்துச் செய்த கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு ஏமாற்றுக் கணக்கு அல்ல. அது எப்படி நடந்தது என்று பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால், கண்ணால் எண்ணியிருந்தால்கூட இவ்வளவு நம்பியிருப்பேனா என்று தோன்றுகிறது.

எண்ணுக்கு முன்பே அந்த நிலத்துக்கு ஓர் எண் இருந்தது: 1002. அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் காலத்தில், 1960இல், இந்தப் பகுதி வனவிலங்குகளுக்காக ஒதுக்கப்பட்டது. 1980இல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அதைப் பெரிதாக்கி, ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடம் என்று பெயரிட்டது. அதே சட்டத்தின் 1002ஆம் பிரிவு, கடலோரச் சமவெளியை மட்டும் தனியே எடுத்துவைத்தது: அங்கே எண்ணெய் இருக்கிறதா, விலங்குகள் எப்படி இருக்கின்றன என்று ஆராயுங்கள், தோண்டலாமா வேண்டாமா என்பதை நாடாளுமன்றம் பிறகு முடிவு செய்யும். அன்று முதல் அந்தச் சமவெளிக்கு '1002 பகுதி' என்றே பெயர். பார்ட்டர் தீவில் இனுபியாட் மக்களின் காக்டோவிக் கிராமம் இருக்கிறது. தெற்கே மலைக்கு அப்பால் குவிச்சின் மக்கள் வாழ்கிறார்கள். பார்க்குபைன் காரிபூ மந்தை கன்று ஈனும் இடம் என்பதால் இந்தச் சமவெளி அவர்களுக்குப் புனிதமானது. எண்ணெய்ச் சண்டையில் எப்போதும் பேசப்பட்டது காரிபூ மான்தான். பனிக்கரடியும் பேசப்பட்டது. உள்ளானைப் பற்றிப் பேச ஆள் இல்லை. பேசுவதற்கு ஒரு முழுமையான கணக்கும் இல்லை.

2002 ஏப்ரலில் எண்ணெய் தோண்டும் யோசனை அமெரிக்க செனட்டில் தோற்றது. இரண்டு மாதம் கழித்து, ஜூனில், அந்தச் சமவெளியில் பறவை எண்ணுகிறவர்கள் இறங்கினார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நான் சொல்லவில்லை. காலம் அப்படி வாய்த்தது.

ஏன் ஜூன்? கரைப்பறவைகள் தூந்திரத்தில் இருக்கும் காலம் மிகச் சுருக்கம். மே கடைசியில் வந்து, பனி விலகிய இடங்களில் எல்லை பிரித்து, ஜூனில் முட்டையிடும். குழியில் நான்கு முட்டைகள், கூர்முனைகள் உள்நோக்கி. குஞ்சு பொரித்த சில மணி நேரத்தில் தானே நடந்து தானே பூச்சி பிடிக்கும். ஜூலை பிறந்ததும் பெற்றோரில் ஒருவர் கிளம்பத் தொடங்கிவிடுவார். ஆகவே எண்ணுவதற்கு நல்ல காலம் ஆண்பறவை காற்றில் ஏறிப் பாடிக்கொண்டிருக்கும் அந்தச் சில வாரங்கள்தான். சூரியன் மறையாது என்பதால் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. பனிமூட்டமும் காற்றும் வந்தால் பறவை வாய் திறக்காது, ஹெலிகாப்டரும் பறக்காது.

2002, 2004 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குமாக 1002 பகுதியில் 197 கட்டங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வட அமெரிக்க ஆர்க்டிக் முழுவதும் இந்த முறையில் எண்ணுகிறவர்களுக்கு ஒரு கட்டம் என்பது 16 ஹெக்டேர் அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொன்றும் 16 என்றே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 3,152 ஹெக்டேர். சமவெளியில் அரை சதவீதம்கூட இல்லை. கட்டங்கள் எங்கே விழவேண்டும் என்பதை எண்ணுகிறவர் முடிவு செய்யவில்லை, குலுக்கல்தான் முடிவு செய்தது. இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பறவை பார்க்கும் பழக்கம் உள்ள எவரையும் விட்டுவிட்டால் அவர் பறவை நிறைய இருக்கிற குட்டைப் பக்கம்தான் போவார். குலுக்கல் அவரைக் காய்ந்த மேட்டுக்கும் அனுப்பும், ஒன்றுமில்லாத சரளைக்கும் அனுப்பும். ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு திரும்புவதும் வேலைதான். அந்தப் பூஜ்யங்கள் இல்லாவிட்டால் பின்னால் வரப்போகிற எண் ஊதிப் பெருத்துவிடும்.

ஹெலிகாப்டர் இறக்கிவிட்டுப் போகும். கையில் கட்டத்தின் வரைபடம். பக்கவாட்டில் சிறு இடைவெளி விட்டு நேர்கோட்டில் நடந்து, கட்டத்தின் எல்லைக்குத் திரும்பி, மறுபடி நடப்பார்கள். கூடு கண்டால் ஒரு குறி. ஜோடி கண்டால் வேறு குறி. தனி ஆண், தனிப் பெண், பாலினம் தெரியாதது என்று தனித்தனிக் குறிகள். தலைக்குமேல் பறந்து கடந்துபோகிற பறவை கணக்கில் சேராது. இப்படி ஒரு பெக்டோரல் உள்ளான், வரைபடத்தில் பென்சில் குறியாகிறது. எண்ணின் வாழ்க்கையில் பறவைக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருந்த கடைசி நிமிடம் அதுதான்.

அந்தப் பென்சில் குறியை அப்படியே நம்பலாமா? இங்கேதான் எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடித்துப்போனது. ஒரே ஒரு தடவை, அவசரமாக நடந்து போகிறவர் கட்டத்தில் இருக்கிற எல்லாப் பறவையையும் பார்த்துவிட முடியாது. எவ்வளவு தவறவிடுகிறார் என்பது இனத்துக்கு இனம் மாறும். பெக்டோரல் உள்ளானின் ஆண் மார்பை ஊதிக்கொண்டு தாழப் பறந்து ஹூம் ஹூம் என்று முழங்கும். அதைத் தவறவிடுவது கஷ்டம். அதன் பெண்ணோ தனியாக அடைகாத்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் கிடக்கும். ஃபாலரோப் பறவையில் எல்லாம் தலைகீழ்: பெண்ணுக்குத்தான் பகட்டு நிறம், முட்டையை ஆணிடம் விட்டுவிட்டுப் பெண் கிளம்பிவிடும். ஜூன் பத்தில் போகிறவரும் ஜூன் இருபத்தைந்தில் போகிறவரும் ஒரே கட்டத்தில் வேறு வேறு ஃபாலரோப் கணக்கைக் கொண்டுவருவார்கள்.

இதற்கு ஜோனதன் பார்ட்டும் சூசன் எர்ன்ஸ்டும் 2002இல் 'தி ஆக்' இதழில் ஒரு வழியை விளக்கி எழுதியிருந்தார்கள். இரட்டை மாதிரி முறை என்று அதற்குப் பெயர். பல கட்டங்களில் ஒரு தடவை மட்டும் அவசரமாக நடந்து எண்ணுங்கள். சில கட்டங்களில் மட்டும் பருவம் முழுவதும் ஆட்களை உட்காரவைத்து, ஒரு கூடு விடாமல் தேடச் சொல்லுங்கள். அங்கே உண்மையில் எத்தனை பறவை என்பது தெரிந்துவிடும். பிறகு அதே கட்டங்களில், அந்த ரகசியம் தெரியாத ஒருவரை அவசரமாக நடந்து எண்ணவிடுங்கள். உதாரணமாக, உண்மையில் 10 இருக்கும் இடத்தில் அவர் 8 பார்த்தார் என்றால் விகிதம் 0.8. மற்ற அவசரக் கட்டங்களில் வந்த எண்ணை அந்த விகிதத்தால் வகுத்துவிட வேண்டியதுதான். நெல் மூட்டையில் குத்தூசி விட்டுப் பார்க்கிற வியாபாரி, அந்த ஊசி எவ்வளவு பொய் சொல்லும் என்பதையும் முன்கூட்டியே அளந்து வைத்திருப்பதுபோல.

1002 பகுதியின் கணக்குக்கு இப்படி 37 தீவிரக் கட்டங்கள் உதவின. ஆனால் அவை அலாஸ்காவின் வடசரிவிலும் வட கனடாவிலும் பரவிக் கிடந்தவை. அதாவது வேறு ஊரில் அளந்த விகிதத்தை இந்த ஊருக்குப் பயன்படுத்தினார்கள். பறவை எங்கே இருந்தாலும் அதே அளவு கண்ணில் படும் என்கிற அனுமானம் அதில் ஒளிந்திருக்கிறது. மேட்டுநிலத்தில் ஒரு மாதிரி, உயர்ந்த கோரைக்குள் ஒரு மாதிரி என்று மாறாதா? மாறலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. பெக்டோரல் ஆண் ஓரிடத்தில் நிற்கிற ஆள் இல்லை. பார்ட் கெம்பெனார்ஸும் மிகாய் வால்குவும் செயற்கைக்கோள் கருவி மாட்டிப் பின்தொடர்ந்து 2017இல் 'நேச்சர்' இதழில் எழுதியதைப் படித்தால், ஓர் ஆண் ஒரே பருவத்தில் 24 இடங்கள் வரை போய்த் துணை தேடியிருக்கிறது. இன்று ஒரு கட்டத்தில் குறியான அதே பறவை அடுத்த வாரம் நூறு கிலோமீட்டர் தள்ளி வேறொரு கட்டத்தில் குறியாகலாம். 2002இலும் 2004இலும் நடந்தவர்களுக்கு இது இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்க வழியில்லை. அதனால் அவர்கள் எண் பொய்யாகிவிடாது. பெக்டோரல் பங்கை மட்டும் நான் கொஞ்சம் தள்ளி நின்று படிப்பேன்.

அடுத்து, பென்சில் குறிகள் நிலத்தோடு சேர வேண்டும். 197 கட்டங்களில் கிடைத்த சராசரியை 6,74,000 ஹெக்டேரால் பெருக்கினால் அபத்தமாகிவிடும், ஏனென்றால் தூந்திரம் ஒரே மாதிரி நிலம் இல்லை. வானிலிருந்து பார்த்தால் அதில் பலகோணக் கட்டங்கள் தெரியும். நிரந்தரமாக உறைந்த மண்ணுக்குள் பனி ஆப்பு ஆப்பாக வளர்ந்து, மேல்மண்ணை ஓரங்களில் வரப்புபோல் தூக்கிவிடுகிறது; நடுவில் நீர் தேங்குகிறது. கீழே உறைந்திருப்பதால் நீர் இறங்க வழியில்லை. அந்தத் தேக்கத்தில் சிறு ஈக்களின் புழுக்கள் கோடிக்கணக்கில். உள்ளானுக்கு இதைவிட என்ன வேண்டும்: கூடு கட்ட உலர்ந்த வரப்பு, இரண்டடி தள்ளிச் சாப்பாடு. கொஞ்சம் மேடேறினால் கொத்துக்கோரை முண்டுகள். அங்கே நீர் இல்லை, பறவையும் குறைவு. அமெரிக்கப் பொன் உப்புக்கொத்தி மாதிரி சில இனங்களுக்கு அந்த உலர்ந்த இடமே பிடிக்கும். மலையிலிருந்து இறங்கும் ஆறுகள், கேனிங், ஹுலாஹுலா, ஜேகோ, ஐச்சிலிக் எல்லாம் சரளையையும் வண்டலையும் பரப்பிக்கொண்டு கடலுக்குப் போகின்றன.

ஆகவே செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஏற்கெனவே பிரித்து வைத்திருந்த நிலவகை வரைபடத்தை எடுத்து, சமவெளியை ஈரநிலம், ஈரப்பசை நிலம், மேட்டுநிலம், ஆற்றோரம், வகைப்படுத்தாதது என்று பிரித்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றிலும் கிடைத்த அடர்த்தியை அந்தந்த நிலத்தின் பரப்போடு பெருக்கிக் கூட்டினார்கள். எண் பிறந்தது.

மொத்தம் 14 இனங்கள் அங்கே இனப்பெருக்கம் செய்வது பதிவானது. அந்தச் சமவெளிக்கு வரும் இனங்களில் ஏழு, அமெரிக்கக் கரைப்பறவைப் பாதுகாப்புத் திட்டத்தின் பட்டியலில் 'மிகுந்த ஆபத்து' அல்லது 'உயர் முன்னுரிமை' என்று குறிக்கப்பட்டவை. என்னைக் கேட்டால் மொத்த எண்ணைவிட முக்கியமானது நிலவகைக் கணக்கில் வெளிப்பட்ட இன்னொரு விஷயம். இன வகையும் பல இனங்களின் அடர்த்தியும் ஈரநிலத்திலும் ஆற்றோரத்திலும்தான் உச்சம். அந்த நிலங்களோ சமவெளி முழுவதும் பரவியில்லை, கடலோரத்தை ஒட்டிக் குவிந்து கிடக்கின்றன. மேற்கே வடசரிவின் மற்ற பகுதிகளில் சமவெளி அகன்று, ஏரியும் சதுப்புமாக விரிகிறது. இங்கே மலை கடலை நெருங்கிவிடுவதால் ஈரநிலம் ஒரு விளிம்பாகச் சுருங்கிவிட்டது. எண்ணெய் எடுக்க வருகிறவர்களுக்குச் சாலை போடச் சரளை வேண்டும். பனிச்சாலைக்கு நன்னீர் வேண்டும். பொருள் இறக்கக் கடற்கரை வேண்டும். சரளை ஆற்றில் இருக்கிறது, நீர் அரிதாக இருக்கிறது, கடற்கரை பறவைகளிடம் இருக்கிறது. "சமவெளியில் ஒரு சிறு பங்கைத்தான் தொடப்போகிறோம்" என்று சொல்லப்படும்போதெல்லாம், எந்தப் பங்கு என்று கேட்பதற்கு இந்த நிலவகைக் கணக்கு வழி செய்துகொடுத்தது.

இனி அந்த எண்ணின் முழு வடிவம். கட்டுரையில் 2,30,000 தனியாக வரவில்லை. பக்கத்தில் 95 சதவீத நம்பக எல்லை இருக்கிறது: 1,04,000 முதல் 3,63,000 வரை. கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் மூன்றரை மடங்கு வித்தியாசம்! ஒரு கணக்காளர் இப்படிக் கொண்டுவந்து நீட்டினால் வேலையை விட்டு நிறுத்திவிடுவோம். கட்டத்துக்குக் கட்டம் பறவை மாறியது, கண்ணில் படும் விகிதத்தில் இருந்த ஐயம் ஆகியவற்றை மறைக்காமல் கணக்கில் சேர்த்ததால் வந்த அகலம் இது.

இவ்வளவு அகலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதற்கு இரண்டு உலக அளவுகோல்களை எடுத்து நிறுத்தினார்கள். ராம்சர் ஒப்பந்தத்தின்படி ஒரு நீர்நிலையில் வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகள் இருந்தால் அது சர்வதேச முக்கியத்துவம் உள்ள இடம். நம் கோடியக்கரை 2002இல், இவர்கள் எண்ணத் தொடங்கிய அதே ஆண்டில், ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இன்னொரு அளவுகோல் மேற்கு அரைக்கோளக் கரைப்பறவைக் காப்பிட வலையமைப்பு வைத்திருப்பது: 1,00,000 பறவைகள். 1002 பகுதியின் கீழ் எல்லை 1,04,000. எல்லா ஐயத்தையும் பறவைகளுக்கு எதிராகவே தீர்த்தாலும் இரண்டு அளவுகோலையும் தாண்டிவிடுகிறது. நூலிழை வித்தியாசத்தில்தான். இந்த நூலிழை எனக்கு 2,30,000ஐவிட மதிப்புள்ளதாகப் படுகிறது. தகுதி கிடைத்தது என்பதால் அறிவிப்பு தானாக வந்துவிடாது. அந்த வலையமைப்பில் சேர நிலத்தின் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும். இங்கே உரிமையாளர் பெரும்பாலும் அமெரிக்க அரசு.

எண் அங்கேயே நின்றுவிடவில்லை. இதே முறையில் அலாஸ்காவிலும் கனடாவிலும் ஆண்டுதோறும் புதுப் பகுதிகளை எண்ணிக்கொண்டே போனார்கள். அந்தப் பத்தாண்டு வேலை 2012இல் ஜோனதன் பார்ட்டும் விக்டோரியா ஜான்ஸ்டனும் தொகுத்த ஒரு நூலாக வந்தது. அதே ஆண்டு வட அமெரிக்கக் கரைப்பறவைகளின் மொத்த எண்ணிக்கைப் பட்டியலும் புதுப்பிக்கப்பட்டது. பெக்டோரல் உள்ளான் பழைய பட்டியலில் 5,00,000, புதியதில் 16,00,000. செய்தித்தாள்காரர் கண்ணில் பட்டிருந்தால் "மூன்று மடங்கு பெருகியது" என்று தலைப்பு போட்டிருப்பார். பறவை பெருகவில்லை. முன்பு தெற்கே வழித்தடங்களில் கண்டதை வைத்து ஊகித்தார்கள். இப்போது பிறந்த இடத்துக்கே போய் எண்ணினார்கள், அவ்வளவுதான்.

உண்மையில் நடப்பது இதற்கு நேர்மாறு. 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வின்படி, 1970க்குப் பிறகு வட அமெரிக்கக் கரைப்பறவைகள் 37 சதவீதம் குறைந்துவிட்டன. 1002 பகுதியில் முட்டையிடும் பறவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் போகிறது. பெக்டோரல் உள்ளானும் பொன் உப்புக்கொத்தியும் தென் அமெரிக்கப் புல்வெளிகளுக்கு. அங்கே புல்வெளி பயிர்நிலமாகிக்கொண்டிருக்கிறது. வட அலாஸ்காவின் டன்லின் கிழக்கு ஆசியாவுக்கு. அங்கே மஞ்சள் கடலின் சேற்றுக்கரைகள் தூர்க்கப்பட்டிருக்கின்றன. குறைவுக்குக் காரணம் தூந்திரத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் குறைகிறதா என்று ஊர்ஜிதமாகச் சொல்லப் பிறந்த இடத்தில் எண்ணியாக வேண்டும். அதுவும் ஒரு தடவை போதாது. ஒற்றை எண்ணுக்கு ஏறவும் தெரியாது, இறங்கவும் தெரியாது.

சமவெளியின் கதை எண்ணெயை நோக்கித்தான் நகர்ந்தது. 2017 டிசம்பரில் ஒரு வரிச் சட்டத்துக்குள் செருகி 1002 பகுதியை எண்ணெய்க் குத்தகைக்குத் திறந்தார்கள். 2021 ஜனவரி 6 அன்று முதல் ஏலம். பெரிய எண்ணெய் நிறுவனம் எதுவும் வரவில்லை, பெரும்பாலான குத்தகைகளை அலாஸ்கா மாநில அரசின் நிறுவனமே எடுத்தது. பிறகு நிறுத்திவைப்பு, ரத்து, வழக்கு என்று இழுபறி. 2025 ஜனவரியில் இரண்டாவது ஏலத்துக்கு ஒருவர்கூட விலை கேட்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் வந்த சட்டம், பத்தாண்டுக்குள் இன்னும் நான்கு ஏலமாவது நடத்த வேண்டும் என்கிறது.

இந்த வாதங்களில் 2,30,000 இனியும் மேடையேறும். தோண்டக் கூடாது என்பவர்களுக்கு அதன் பருமன் பிடிக்கும்; தோண்ட வேண்டும் என்பவர்கள் 'மூன்றரை மடங்கு ஐயம் உள்ள எண்ணை வைத்து என்ன பேச்சு' என்று கேட்கலாம். இரண்டு தரப்பும் பாதியைத்தான் படித்திருப்பார்கள். இந்த எண்ணை எங்கே காண நேர்ந்தாலும் பக்கத்தில் 1,04,000 இருக்கிறதா என்று பாருங்கள். பறவைகளின் வழக்குக்கு அதுவே போதும்.